நள்ளிரவில் அலறும் குழந்தை

உறங்கச் சென்ற ஓரிரு மணி நேரத்தில் குழந்தை வீரிட்டு அலறி எழுகிறது. கண்கள் திறந்திருந்தும் தாயை அறிவதில்லை. காலையில் எதுவும் நினைவில் இல்லை. இதைப் பேய்க் கோளாறென அஞ்சித் தாயத்துக் கட்டுவோர் நம்மிடையேயும் உளர்.

இது பேயன்று, கெட்ட கனவுமன்று. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை அரைகுறையாய் விழிக்கும் நிலையே என 1968-இல் கனடா மருத்துவர் ரோஜர் பிராட்டன் விளக்கினார்.

பெரும்பாலும் பெற்றோர் கூறும் விவரமே நோயறியப் போதுமானது. கைபேசியில் எடுத்த படக்காட்சி பெருந்துணை. ஆயினும் ஒரே இரவில் பன்முறை ஒரே விதமான அசைவுகளுடன் வந்தாலோ, குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ, மருத்துவமனையில் ஓரிரவு உறங்கவைத்து மூளையின் மின்னலைகள், மூச்சு, இதயத் துடிப்பு, தசையசைவு ஆகியவற்றைப் பதிவு செய்வர். வலிப்பு நோயையும் மூச்சுத் தடையையும் கண்டறிய இது உதவும். இதில் வலியில்லை. அவ்விரவில் அலறல் நிகழாவிடினும் குறையே இல்லை என முடிவு கட்டலாகாது.

பெற்றோரே, குழந்தையை உலுக்கி எழுப்பாதீர்கள், அடிக்காதீர்கள். விழுந்து காயமுறாதபடி காத்து நில்லுங்கள். நேரத்தோடு உறங்கவையுங்கள். வளர வளரப் பெரும்பாலும் இது தானே மறையும். காவல் தூதரிடம் நாள்தோறும் செபிக்கும் நாம், நம் குழந்தைக்குப் பேய்ப்பட்டம் சூட்டலாமா?