கெப் வாகனத்தை மாற்றியமைக்கும் முன்: பம்பரைப் பார்க்கிறோம், பிரேக்கை மறக்கிறோம்

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் போன வருடம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பனி மூடிய வீட்டு வாசலில் கறுப்பு நிற ஃபோர்ட் எஃப்-150. ஆள் நெஞ்சளவுக்கு உயர்ந்த முன்பக்கம், முழங்காலைத் தாண்டும் டயர், பெட்டிக்கு மேல் மடிக்கும் மூடி. கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மாமா, மகனின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கட ஹைலக்ஸையும் இப்பிடிச் செய்யலாம்தானே தம்பி?" என்று கேட்டார்.

செய்தார். பின்பக்க ஸ்பிரிங்கில் மேலதிகமாக இரண்டு பட்டைகள், பெரிய டயர், முன்னால் இரும்புக் குழாயில் செய்த 'புல் பார்'. வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. இரண்டு மாதம் கழித்து, சீமெந்து ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் காலி வீதியால் போனபோது, பாதசாரிக் கடவைக்கு முன் வழக்கமாக நிற்கும் இடத்தில் வண்டி நிற்கவில்லை. பாதிக் கடவையைத் தாண்டிப்போய்த்தான் நின்றது. பாடசாலைப் பிள்ளையின் கையைத் தாய் பின்னுக்கு இழுத்ததால் ஒன்றும் நடக்கவில்லை. மாமா அன்று முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைத் தேடியபோதுதான், கெப் வாகனங்களை மாற்றியமைப்பது பற்றி நாம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது புரிந்தது.

அங்குள்ளதும் இங்குள்ளதும் ஒன்றல்ல

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'முழு அளவு' பிக்அப் என்று அழைக்கப்படுபவை ஃபோர்ட் எஃப்-150, செவ்ரோலெட் சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா போன்றவை. நான்கு கதவு எஃப்-150 ஒன்று ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளம். கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீற்றர் அகலம். ஃபோர்டின் எஃப் வரிசை 1977ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்பனையாகும் பிக்அப்பாக இருந்து வருகிறது.

நாம் 'டபுள் கெப்' என்று சொல்லும் ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ், நவாரா, ரேஞ்சர் எல்லாம் அதற்கு அடுத்த, நடுத்தர அளவு. நீளம் ஏறத்தாழ 5.3 மீற்றர், அகலம் 1.85 மீற்றர். இவற்றில் பலவும் தாய்லாந்துத் தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை. இதற்கும் கீழே நம் ஊரின் உண்மையான உழைப்பாளி இருக்கிறது: 'பட்டா'. இந்தியாவில் 2005இல் வந்த டாடா ஏஸ், இங்கே 'டிமோ பட்டா' என்ற பெயரில் விற்பனையானது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, இன்று எந்தச் சின்ன லொறியையும் பட்டா என்றே சொல்கிறோம்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளையும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய சந்துகளையும் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு பக்கம் ஓட்டோ நின்றாலே டபுள் கெப் திணறும் பாதை அது. அமெரிக்கப் பிக்அப்கள் இடப்பக்க ஸ்டியரிங்குடன் செய்யப்படுபவை வேறு. நம்மைப் போல இடதுபக்கமாக ஓடும் ஆஸ்திரேலியாவில்கூட ஸ்டியரிங்கை மாற்றிப் பொருத்திய பிறகே அவை விற்கப்படுகின்றன.

ஆனால் இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே வாங்குபவர் கட்டளை கொடுக்கும்போதே பெட்டியின் நீளம், பின் அச்சின் பல்சக்கர விகிதம், இழுவைக்கான ஏற்பாடு, ஸ்பிரிங்கின் பலம் ஆகியவற்றைத் தெரிவு செய்யலாம். தொழிற்சாலை அதற்கு ஏற்றபடி பிரேக்கையும் குளிரூட்டலையும் அமைத்துக் கொடுக்கிறது. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது சாரதியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். இங்கே அதே தோற்றத்தைப் பஞ்சிகாவத்தையில் உதிரியாக வாங்கி, தெருவோரக் கராஜில் பொருத்துகிறோம். தோற்றம் வருகிறது, அதற்குப் பின்னால் உள்ள கணக்கு வருவதில்லை.

பழைய வண்டிக்கு ஏன் இந்த மவுசு?

போருக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் வடக்கு கிழக்கில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை டபுள் கெப்களைப் பார்த்து வளர்ந்தோம். திணைக்கள அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள், அரசியல்வாதிகளின் பாதுகாப்பு வாகனங்கள் என்று அது அதிகாரத்தின் அடையாளமும் ஆனது. வேலைக்கும் ஆகும், குடும்பத்துக்கும் ஆகும் என்பதால் வியாபாரிகளும் விரும்பினார்கள்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் டொலர் நெருக்கடி வந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் நீங்கியது. வரிகளோடு சேர்த்து இன்று ஒரு புதிய டபுள் கெப்பின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டி எங்கோ நிற்கிறது. ஆகவே பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டிகளைத்தான் திருத்தி, பெயின்ட் அடித்து, அலங்கரித்து வைத்திருக்கிறோம். மாற்றங்கள் பெரும்பாலும் நடப்பது இந்தக் களைத்துப்போன வண்டிகளில்தான். அதனால்தான் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

ஒரு டொன் என்பது உண்மையில் எவ்வளவு?

டபுள் கெப் ஒன்று ஏறத்தாழ ஒரு டொன் சுமக்கும் என்பார்கள். அந்த ஒரு டொன்னுக்குள் பெட்டியில் ஏற்றும் பொருட்கள் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஆட்களும் பிறகு பொருத்திய எல்லாமும் அடங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 கிலோவில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 70 வீதம் 350 கிலோ போய்விடும். இரும்பு புல் பார், பெட்டிக்கு மேல் கெனோபி, ரோல் பார், பக்கப்படி எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 450 கிலோ. 50 கிலோ சீமெந்துப் பை என்றால் ஒன்பது பை. ஆனால் கொழும்பில் இருபது பையோடு டபுள் கெப் ஓடுவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

"அதுக்குத்தானே பட்டை கூட்டுறம்" என்பது கராஜ் பதில். ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். அச்சு, பெயாரிங், சேசிஸ், பிரேக், டயர் எவற்றின் பலமும் கூடுவதில்லை. பின்பக்கம் தாழ்வது 'போதும்' என்று வண்டி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பட்டை கூட்டும்போது அந்த எச்சரிக்கையைத்தான் அணைத்து விடுகிறோம்.

மாமாவின் வண்டி ஏன் நிற்கவில்லை?

பல பழைய கெப்களில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வோடு இணைந்தது. பாரம் ஏற்றினால் உடல் தாழும், கம்பி அசையும், வால்வு பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வெறும் வண்டி என்றால் அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் எடை இல்லாத பின் சக்கரங்கள் இறுகி வழுக்கிவிடும்.

மேலதிகப் பட்டை வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தியதும் அந்த வால்வு ஏமாந்துபோனது. சீமெந்து ஏற்றிய பிறகும் உடல் தாழாததால், வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே அது எடுத்துக்கொண்டது. பின் பிரேக் அரைகுறையாகவே வேலை செய்தது. பாரம் முழுவதையும் முன் பிரேக் மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. மேலதிகப் பட்டைகளைக் கழற்றி, கம்பியை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்குச் சரிசெய்ததும் வண்டி பழையபடி நின்றது. புதிய வண்டிகளில் இந்த வேலையை மின்னணு முறை செய்கிறது. பழைய வண்டியை உயர்த்துகிறவர்கள் கராஜில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பின் பிரேக் வால்வை என்ன செய்யப் போகிறீர்கள்?"

பெரிய டயர், இரும்பு பம்பர், வெள்ளை வெளிச்சம்

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 265/65 ஆர் 17 அளவின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 285/70 ஆர் 17 போட்டால் 831. ஏழு வீதம் கூடுகிறது. ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடுகிறது. பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும், உருட்ட எஞ்சினுக்கும் கூடுதல் வேலை. டீசல் செலவு கூடும். ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

புல் பார் மாடும் கங்காருவும் குறுக்கிடும் நாட்டுப்புற வீதிகளுக்காக வந்தது. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எயார் பேக் விரியும் நேரமும் அதைப் பொறுத்தது. கராஜில் ஒட்டிய இரும்புக் குழாய் அந்த அதிர்ச்சியை நேராகச் சேசிஸுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் கடத்துகிறது. வெளியே நடந்து போகிறவரின் நிலை இன்னும் மோசம். சாதாரண பம்பர் காலில் படும். உயர்த்திய வண்டியின் இரும்புக் குழாய் பெரியவரின் இடுப்பில், பிள்ளையின் தலையில் படும். இந்தியா 2017 டிசம்பரில் இவற்றைத் தடை செய்தது இதனால்தான்.

வெளிச்சமும் அப்படியே. பழைய பல்புக்கென்று அமைந்த விளக்குக் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பு போட்டால் ஒளி வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் சிதறுகிறது. எதிரே வருபவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருபவர்.

காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் 'ஸ்நோர்கல்' குழாய் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி ஆற்றங்கரையோரம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் இதைப் பொருத்த நினைப்பது இயல்பு. ஆனால் ஹைலக்ஸுக்கு 700, ரேஞ்சருக்கு 800 மில்லிமீற்றர் ஆழம் வரைதான் என்று அவற்றை உற்பத்தி செய்தவர்களே சொல்கிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போவதைக் குழாய் தடுக்கலாம். ஓடும் வெள்ளம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது.

கறுப்புக் கண்ணாடி

இது பொறியியல் விடயம் அல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத வாகனம் மெதுவாக ஒழுங்கைக்குள் வந்தால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு தலைமுறைக்கு இன்னும் அடிவயிறு கலங்குகிறது. வெள்ளை வான் காலத்தில் இந்த வீதிகளிலிருந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இங்கேயே இருக்கின்றன. வெயிலுக்காகத்தான் ஒட்டினோம் என்பது உண்மையாக இருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அது தெரியாது.

சட்டமும் காப்புறுதியும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், எஞ்சின், நிறம், உடலமைப்பு ஆகியவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிகப் பொருத்துகளைப் பொலிஸார் கழற்றவைத்தது நினைவிருக்கும். பொலிஸ் பிடித்தால் தண்டப்பணத்தோடு போய்விடலாம். விபத்து நடந்தால் கதை வேறு. பதிவில் இல்லாத, காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் ஒன்றைக் காட்டி நட்டஈடு மறுக்கப்படவோ குறைக்கப்படவோ இடமுண்டு. கோடி ரூபாய் வண்டி மட்டுமல்ல, அடிபட்டவருக்கான நட்டஈடும் அப்போது கேள்விக்குறியாகும்.

அப்படியென்றால் எதையுமே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். பெட்டிக்குள் உரசல் தடுக்கும் விரிப்பு, மழைக்கு மடிக்கும் மூடி, பாரத்தைக் கட்ட உறுதியான கொளுக்கிகள், பின்பக்கக் கமரா, நல்ல பக்கக் கண்ணாடிகள், உரிய அளவில் தரமான புதிய டயர். இவை எடையை அதிகம் கூட்டுவதில்லை, பிரேக்கைத் தொடுவதில்லை, ஒழுங்கையில் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு பிள்ளையைக் காப்பாற்றவும் கூடும்.

மாமா புல் பாரையும் கழற்றிவிட்டார். அதற்குக் கொடுத்த காசில் ஒரு பகுதிதான் பழைய இரும்பு விலையில் திரும்பி வந்தது. பின்பக்கக் கமரா ஒன்று பூட்டியிருக்கிறார். இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒன்பது பை, பத்துப் பை என்று இரண்டு தடவையாக ஏற்றுகிறார். டீசல் காசு கூடத்தான் போகிறது. "பரவாயில்லை, நிற்குது" என்கிறார்.