கட்டையை அழுத்தினேன், ஒலி எங்கே?

மாணவ நண்பர்களே, ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் என்ன நடக்கிறது? துருத்தியின் காற்று உள்ளே இருக்கும் உலோக நாக்கை அதிரச் செய்கிறது, ஒலி பிறக்கிறது. கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டில் இப்படி எதுவும் நடப்பதில்லை. அதன் கட்டையை அழுத்தினால் பிறப்பது ஒலியன்று, மூன்று எண்கள்!

எடுத்துக்காட்டாக 144, 60, 100 என்று வைத்துக்கொள்வோம். 144 என்றால் ‘முதல் தடத்தில் ஒரு ஸ்வரம் தொடங்குகிறது’ என்று பொருள். 60 என்பது கட்டையின் எண். பியானோவின் நடு ‘ஸி’ இதுதான். 100 என்பது கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைக் காட்டும். பின்னிரண்டு எண்களும் 0 முதல் 127க்குள் அடங்கும். விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகும். பல கீபோர்டுகள் அதே கட்டை எண்ணுடன் வேகம் 0 என்று போட்டு அனுப்பிவிடும். பழைய ஐந்து முனைக் கம்பியில் இந்த எண்கள் நொடிக்கு 31,250 துடிப்புகள் வீதம் ஓடின. ஒரு செய்தி போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி.

அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய ஏற்பாடு இது. 1983 ஜனவரியில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள்.

எண்களை ஒலியாக்கும் வேலை கணினியுடையது. அதற்கு ‘பியூர் டேட்டா’ என்ற இலவச மென்பொருள் உண்டு. மில்லர் பக்கெட் என்பவர் 1990களில் எழுதியது. இதில் நிரலை வரிவரியாக எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்தால் போதும். ‘நோட்இன்’ என்ற பெட்டி கீபோர்டின் எண்களை வாங்கும். ‘ஆஸ்’ பெட்டி அலையை உண்டாக்கும். ஒரு பெருக்கல் பெட்டி வீச்சைக் கூட்டிக் குறைக்கும். ‘டாக்’ பெட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி இதைத்தான் தன் செய்முறைத் திட்டமாக எடுத்திருந்தாள். மறுநாள் தேர்வு. மாலையில் முகம் வாடி வந்து நின்றாள்.

“சார், சத்தமே வரலை. மாமாவோட கீபோர்டு. கேட்டு வாங்கிட்டு வந்தேன். நான்தான் கெடுத்துட்டேன் போல.”

கீபோர்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று திருப்புளியோடு தயாராக இருந்தான் கூட வந்த தம்பி. நல்லவேளை, தடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட கோளாறில் முதலில் செய்ய வேண்டியது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதிப்பதுதான்.

‘நோட்இன்’ பெட்டியோடு ‘பிரிண்ட்’ என்ற பெட்டியை இணைக்கச் சொன்னேன். வருகின்ற எண்ணைத் திரையில் எழுதிக் காட்டுவது அதன் வேலை. கட்டையை அழுத்தினாள், 60 விழுந்தது. அடுத்த கட்டை, 61. ஆக கீபோர்டு, கம்பி எல்லாம் குற்றமற்றவை! எண் விழாதிருந்தால் மிடி அமைப்புப் பட்டியலில் அந்தக் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்திருப்போம். மென்பொருளைத் திறந்த பிறகு கீபோர்டைச் சொருகினால் பட்டியலில் அதன் பெயர் வராமல் போவதுண்டு.

இனி மறுமுனை. பெருக்கல் பெட்டிக்குக் கையாலேயே 0.1 என்றும், ‘ஆஸ்’ பெட்டிக்கு 440 என்றும் கொடுத்தோம். ‘பீ’ என்று ஒலித்தது. ஒலிபெருக்கியும் சரி, ஒலிக்கணிப்புச் சுவிட்சும் போட்டுத்தான் இருக்கிறது. (பாதிப்பேர் மறப்பது இந்தச் சுவிட்சைத்தான்.)

இரு முனையும் சரி, ஆனால் ஒலி இல்லை! “கீபோர்டு அனுப்புகிற 60ஐ நீயே கையால் கொடு” என்றேன். கொடுத்தாள். அமைதி. மடிக்கணினியில் இயர்போனைச் சொருகிக் கேட்கச் சொன்னேன். காதில் வைத்தவள் திடுக்கிட்டாள். “உறுமுது சார்!”

புரிகிறதா? ‘ஆஸ்’ பெட்டி கேட்பது அதிர்வெண். அதற்கு 60 என்றால் 60 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கேட்கும்படி எழுப்ப இயலாது. 60 என்பது கட்டை எண் என்று அந்தப் பெட்டிக்கு யார் சொன்னார்கள்?

இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். 69ஆம் கட்டை 440 ஹெர்ட்ஸ். 12 கட்டைகள் மேலே போனால் அதிர்வெண் இரட்டிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் 2இன் பன்னிரண்டாம் படிமூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.0595ஆல், பெருக்க வேண்டும். 60ஆம் கட்டை 69க்கு ஒன்பது படி கீழே இருக்கிறது. 440ஐ ஒன்பது முறை 1.0595ஆல் வகுத்தால் 261.6 ஹெர்ட்ஸ் வரும். இந்தக் கணக்கைச் செய்யவே ‘எம்டாஃப்’ என்றொரு பெட்டி இருக்கிறது. அதை இடையில் வைத்ததும் நடு ‘ஸி’ கணீரென்று ஒலித்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவள் செய்திருந்த ஒன்றைப் பாராட்ட வேண்டும். வேக எண்ணை 127ஆல் வகுத்தே பெருக்கல் பெட்டிக்கு அனுப்பியிருந்தாள். கணினியின் அலை -1க்கும் +1க்கும் இடையில் இருக்க வேண்டும். வகுக்காமல் 100ஐ அப்படியே விட்டால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுக் காதைக் கிழிக்கும் கரகரப்புதான் மிஞ்சும்.

கதை முடியவில்லை. இரு விரலால் வாசித்தாள். 60ஐ அழுத்தியபடி 64ஐ அழுத்தி, 60ஐ விட்டாள். 64இன் மேல் விரல் இருக்கும்போதே ஒலி நின்றுவிட்டது! 60ஐ விட்டதும் வந்த 0, இருக்கிற ஒரே பெருக்கல் பெட்டிக்குப் போய் வாயை அடைத்துவிட்டது. எந்தக் கட்டை எந்த அலைக்கு உரியது என்று நினைவில் வைத்துப் பிரித்துக் கொடுக்க ‘பாலி’ என்ற பெட்டி வேண்டும். நான்கு ‘ஆஸ்’ பெட்டிகளை அடுக்கி, நான்கும் சேர்ந்து 1ஐத் தாண்டாதபடி ஒவ்வொன்றையும் கால்பங்காக்கி முடித்தபோது இரவு எட்டு மணி. கீபோர்டை உறையில் போட்டு அவள் தம்பி தூக்கிக்கொண்டான்.

அன்று அந்த 60 ஹெர்ட்ஸ் உறுமலோடு 72ஆம் கட்டையின் உறுமலையும் இயர்போனில் கேட்டோம். பன்னிரண்டு கட்டை தள்ளியிருந்தும் ஒலி மூன்று கட்டை அளவுக்கு மேல் ஏறினாற்போலத் தெரியவில்லை. காரணத்தை 72ஐ 60ஆல் வகுத்து, 1.0595ஐ மூன்று முறை பெருக்கி நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.