நஷ்டத்திலும் கைவிட முடியாத காசு

விலை ஏறும் வரை சரக்கை இருப்பில் வைப்பது சேர்வராயன் மலைக்குப் புதிதல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அம்மலையின் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காபியின் விலை, இன்று நியூயார்க் சந்தையின் போக்கில் ஏறி இறங்குகிறது. 1989இல் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை குலைந்ததும் விலை சரிந்தது. 2025 பிப்ரவரியில் அரபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. ஆனால் விலை விழுந்த ஆண்டிலும் காபிச் செடி காய்க்கும். நிழல் மரத்தில் படர்ந்த மிளகும் கைகொடுக்கும்.

காபிச் செடியைப் போலன்றி, பிட்காயின் என்னும் கிரிப்டோ காசு எதையும் விளைவிப்பதில்லை. வாங்கியவருக்கு லாபம் வர, இன்னொருவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலருக்குப் போன அது, ஓராண்டில் 16,000 அருகே விழுந்தது. ஆனாலும் செயினாலிசிஸ் நிறுவனத்தின் கிரிப்டோ பயன்பாட்டுப் பட்டியலில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் இந்தியாவே முதலிடம். பேராசை என்று சொல்லிவிட்டால் இந்த ஈர்ப்பு விளங்கிவிடாது.

நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குழு 2003இல் குரங்குகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பழச்சாறு கொடுத்தார்கள். சில சமயம் கொடுக்கவில்லை. காத்திருந்த அந்த இடைவெளியில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களின் துடிப்பு படிப்படியாகக் கூடியது. சாறு நிச்சயம் என்றபோதோ, நிச்சயமாக இல்லை என்றபோதோ அல்ல, வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான் அது உச்சத்தில் இருந்தது. குரங்கிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இரவு பகலாக, விடுமுறையே இல்லாமல் ஏறி இறங்கும் ஒரு சந்தை, இத்தகைய காத்திருப்பை ஓயாமல் தூண்டுகிறது என்றே நினைக்கிறேன்.

விலை விழுந்த பிறகு வேறொன்று பிடித்துக்கொள்கிறது. ஒரே தொகையானாலும், வரவு தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். விற்காதவரை அது கணக்கில் மட்டும் உள்ள நஷ்டம்; விற்றால் உறுதியாகிவிடும். அதனால் ஏறியதைச் சீக்கிரம் விற்பதும், இறங்கியதை விடாமல் வைத்திருப்பதும் முதலீட்டாளர் இயல்பு என்று 1985இல் நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மேனும் எழுதினார்கள். காத்திருந்தவர்களுக்குச் சில நேரம் பலன் கிடைத்தும் விடுகிறது: 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தச் செய்திதான் ஊரெங்கும் பரவியது. 2022 மே மாதம் சில நாட்களிலேயே மதிப்பிழந்த லூனா என்னும் கிரிப்டோ காசைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நம் வரிச் சட்டமும் இந்தப் பிடிவாதத்துக்குத் துணைபோகிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காசில் வந்த நஷ்டத்தை இன்னொரு காசின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர் அதைக் கழித்துக்கொள்ளலாம், எட்டு ஆண்டு வரை கொண்டும் போகலாம். நஷ்டத்தில் விற்றால் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்னும்போது, விழுந்ததை விற்று வெளியேற வேண்டிய நடைமுறைக் காரணமும் போய்விடுகிறது. ஆசையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், இந்த ஒரு விதியையாவது அரசு மாற்ற வேண்டும்.