மழை வராத கரை

கடலும் மலையும் – 11

மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஊர் இருந்தால் அங்கே மழைக்குக் குறைவிருக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கடலிலிருந்து ஈரக்காற்று கிளம்பும், மலையில் முட்டும், மேலேறும், குளிரும், கொட்டும். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஊர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டன. இந்த வாரம் பார்க்கப்போகும் லிமா அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படாத ஊர்.

பெரு நாட்டின் தலைநகர். மேற்கே பசிபிக் பெருங்கடல். கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர். மலை பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? நகரிலிருந்து மத்திய நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே ஏறினால் சுமார் 130 கிலோமீட்டரில் 4,818 மீட்டர் உயரத்திலுள்ள டிக்லியோ கணவாய் வந்துவிடும். கடற்கரையில் காலைக் காப்பி குடித்தவர், மதியத்துக்குள் மூச்சு வாங்கத் தலைவலியோடு பனிச் சிகரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இத்தனை பக்கத்தில் கடல், இத்தனை பெரிய மலை. இருந்தும் லிமா விமான நிலையத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை பத்து மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தொலைவு: சென்னை வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12. ஆனால் லிமாவில் ஆகஸ்ட் மாதப் பகலில் வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. 18, 19 டிகிரியில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு கோடிப் பேர் நடமாடுகிறார்கள். பாலைவனத்தில் அமைந்த பெருநகரங்களில் கெய்ரோவுக்கு அடுத்த இடம் லிமாவுக்கு என்பார்கள்.

காரணம் கடலில் இருக்கிறது. தென்துருவத்தின் பக்கமிருந்து சிலி, பெரு கரைகளை ஒட்டி வடக்கு நோக்கி ஒரு குளிர்நீரோட்டம் வருகிறது. அதோடு தெற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று, பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்நீரைக் கரையை விட்டு அப்பால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியாழத்து நீர் மேலே வருகிறது. வெப்ப மண்டலக் கடலென்று நம்பிக் குளிர்காலத்தில் காலை நனைத்தால் 15, 16 டிகிரியில் சில்லிடும்.

1802-ல் லிமாவுக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் இந்த நீரில் வெப்பமானியை இறக்கி அளந்தார். அதனால் அவர் பெயரே நீரோட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் சங்கடம்தான். தனக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையின் மீனவச் சிறுவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? லிமாவின் வானத்தைப் பற்றியும் அவர் நிறையக் குறைபட்டுக்கொண்டார். சூரியனைப் புதன் கோள் கடப்பதை நவம்பர் 9 அன்று கயாவோ துறைமுகத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத ஊரில் அன்று மேகம் விலகியது பெரிய அதிர்ஷ்டம்.

அடியாழத்து நீரோடு உரச்சத்தும் மேலே வருவதால் அங்கே மீனுக்குக் குறைவில்லை. நம் நெத்திலியின் உறவுக்கார மீன் அங்கே கூட்டங்கூட்டமாக வளர்கிறது. 1970-ல் ஒரே ஆண்டில் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். பெரும்பகுதி மீன்மாவாகி உலகத்துக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனமானது. இரண்டே ஆண்டில், பிடித்த பிடியும் சூடேறிய கடலும் சேர்ந்து அந்தத் தொழிலைப் படுக்க வைத்துவிட்டன.

கடலுக்குக் கிடைத்த கொடை நிலத்துக்குக் கிடைக்கவில்லை. குளிர்ந்த நீரை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதற்கு மேலே, உயரத்திலிருந்து அமிழ்ந்து இறங்கி வரும் காற்று சூடாக நிற்கிறது. மேலே போகப் போகக் குளிர வேண்டிய வானம் இங்கே தலைகீழ். கனத்த காற்று லேசான காற்றைத் துளைத்துக்கொண்டு மேலேற முடியாது. ஆகவே கடல் மேகம் 800 மீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஆண்டிஸ் எவ்வளவு உயரமாக இருந்து என்ன, ஏறிப்போய் மழையாக வேண்டிய ஈரம் மலையின் முழங்காலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம், அமேசான் காட்டிலிருந்து வரும் ஈரத்தையோ மலையின் கிழக்குச் சரிவே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. ஒரு பக்கத்து மழைக்குக் கடல் தடை, மறுபக்கத்து மழைக்கு மலை தடை. நடுவில் லிமா.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நகரத்தின் மேல் ஒரே சாம்பல் நிறம். நிழல் விழாத பகல்கள். லிமாக்காரர்கள் அந்த வானத்தைக் கழுதை வயிறு என்பார்கள், பொருத்தமான பேர். மழை என்று சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு தூறல் விழும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கரூவா. குடை பிடிக்கத் தேவையில்லை; ஆனால் நடைபாதை வழுக்கும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை சலிக்கும். ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கும் நாட்களில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் நசநசவென்று இருக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். உலகத்தின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று உலகத்தின் மிக ஈரமான நகரங்களில் ஒன்றாகவும் இருக்கிறது!

ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ இந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டியது 1535 ஜனவரி 18-ல். ஜனவரி அங்கே நடுக்கோடை, பளிச்சென்ற வெயில். ஆற்று நீரைப் பழங்குடிகள் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சியிருந்ததால் பள்ளத்தாக்கு பச்சையாகவும் இருந்தது. ஜூலையில் வந்து பார்த்திருந்தால் ஸ்பானியர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

மழையில்லாத ஊரின் அடையாளத்தைக் கூரையில் பார்க்கலாம். லிமாவின் சாதாரண வீட்டுக்கு மொட்டை மாடி. அதில் தண்ணீர் வடியச் சரிவும் இருக்காது, குழாயும் இருக்காது. அடுத்த தளம் கட்டக் காசு சேரும் வரை தூண்களின் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, காவலுக்கு ஒரு நாய். தெருக்களிலும் மழைநீர் வடிகால் என்ற ஒன்றை எந்தப் பொறியாளரும் பெரிதாக நினைக்கவில்லை. 1970 ஜனவரி 15 இரவு லிமாவில் ஒரு மழை பெய்தது. அளவைச் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும், இருபது மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கே கூரைகள் இடிந்தன, நகரத்தின் நடுவே பள்ளத்தில் ஓடும் விரைவுச் சாலை குளமானது. இன்னொரு பக்கம், இதே வறட்சியால்தான் மிராஃப்ளோரஸ் பகுதியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே உவாக்கா புக்யானா என்ற பச்சைச் செங்கல் பிரமிடு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. வெயிலில் காய்ந்த களிமண் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு மழை பெய்யும் கடற்கரையில் வழியில்லை.

குளிர்காலத்தில் சூரியனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சோசிகாவுக்குப் போவார்கள். நகர மையத்திலிருந்து முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் கிழக்கே, ரிமாக் ஆற்றை ஒட்டி 850 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். மேகத்தின் மேல்விளிம்பு அங்கே முடிந்துவிடுகிறது. சாம்பலுக்குள்ளிருந்து புறப்பட்ட பேருந்து ஒரு மணி நேரத்தில் நீல வானத்துக்குள் நுழையும். பணக்காரர்கள் ஒரு காலத்தில் அங்கே வார இறுதி வீடு கட்டினார்கள். பிறகு ஏழைகள் வந்தார்கள். அவர்களுக்கு மிஞ்சியது மலை ஓடைகளின் வாய். வறண்ட ஓடைதானே என்று குடிசை போட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை உயர்மலையில் மழை கூடும் ஆண்டில் புல்பூண்டில்லாத சரிவிலிருந்து சேறும் பாறையும் ஒரே மூச்சில் இறங்கும். உள்ளூரில் அதற்கு ஹுவாய்க்கோ என்று பெயர். 1987, 2012, 2015, 2017 என்று சோசிகா அதைப் பலமுறை பார்த்துவிட்டது.

2017-ல் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பெரு கரையோரக் கடல் மட்டும் திடீரென்று சூடேறியது. பசிபிக் கடலைப் பரவலாகச் சூடேற்றும் வழக்கமான எல் நீன்யோவின் கரையோரத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கடல் சூடானால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ்: காற்று லேசாகி மேலேறும், மழை கொட்டும். வடக்கே பியூரா நகரம் மூழ்கியது. லிமாவில் ரிமாக் ஆறு சேறாக வந்ததால் லா அதார்ஹெயா சுத்திகரிப்பு நிலையம் நீர் எடுப்பதைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆறு கரைபுரண்டு ஓடிய அந்த மார்ச் மாதத்தில் நகரத்தின் பெரும்பகுதிக்குப் பல நாள் குழாயில் தண்ணீர் இல்லை. சூப்பர் மார்க்கெட்டுகளில் தண்ணீர் பாட்டில் காலி.

இனி தண்ணீர்க் கணக்கு. பெருவின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் பசிபிக் கரையோரச் சரிவில் இருக்கிறார்கள். நாட்டின் நன்னீரில் அந்தச் சரிவுக்குக் கிடைப்பது இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். லிமாவுக்கு ரிமாக், சியோன், லுரின் என்று மூன்று சிறு ஆறுகள். மூன்றும் போதாததால் 1960-களில் மலையைக் குடைந்தார்கள். மார்க்காபோமாகோச்சா பகுதியின் ஏரிகளில் சேர்ந்து, கிழக்கே அமேசானுக்குப் போய் அட்லாண்டிக்கில் கலக்க வேண்டிய நீர், சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பி ரிமாக்கில் விழுகிறது. பசிபிக் கரையில் ஒரு குடம் பிடிப்பவர் அமேசானின் பங்கிலிருந்துதான் கொஞ்சம் பிடிக்கிறார். மேலே உள்ள பனியாறுகளை நம்பியும் காலம் தள்ள முடியாது. அறுபது ஆண்டுகளில் பெருவின் பனியாறுகளில் பாதிக்கும் மேல் கரைந்துவிட்டன.

மலைக்கிராமங்களில் இதற்கு ஒரு பழைய கைவேலை இருக்கிறது. அமுனா என்பார்கள். இன்காக்களுக்கும் முந்தைய காலத்துக் கல் வாய்க்கால்கள் இவை. மழைக்கால ஓடைநீரைத் திருப்பி, பாறைவெடிப்புள்ள சரிவுகளில் கொண்டுபோய் விட்டுவிடுவது. மண்ணுக்குள் இறங்கிய நீர் பல வாரம் கழித்துக் கீழே ஊற்றாகக் கிளம்பும். உவாமந்தங்கா என்ற ஊரில் சாயத்தைக் கலந்துவிட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. உள்ளே போன நீர் வெளியே வரச் சராசரியாக 45 நாள், சிலவிடங்களில் எட்டு மாதம்வரை. மலையில் மழையில்லாத மாதங்களில் லிமாவுக்குத் தேவைப்படுவது அந்தத் தாமதம்தான். நகரக் குடிநீர் நிறுவனமான செதாபால், 2015 முதல் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை மேல்மலை நீர்ப்பிடிப்புகளைச் சீரமைக்க ஒதுக்குகிறது. புது அணையைவிட இது மலிவு. காண்டிராக்டர்களுக்குத்தான் உற்சாகம் குறைவு.

நகரத்தின் விளிம்புக் குன்றுகளுக்கு வருவோம். 1940-களிலிருந்தே மலைமக்கள் லிமாவுக்கு இறங்கி வந்தார்கள். 1980-களின் உள்நாட்டுச் சண்டையில் இன்னும் லட்சக்கணக்கானோர். சமவெளி முடிந்துவிட்டதால் குன்றின் மேல் ஏறினார்கள். அது சரியாக மேகம் உரசும் உயரம். வீட்டுக்குள் மேகம் புகுந்து புறப்படும், குடத்தில் தண்ணீர் இருக்காது. இந்தச் சரிவுகளில் குளிர்காலத்தில் மட்டும் முளைக்கும் புல்வெளியை லோமாஸ் என்கிறார்கள். அமன்காயெஸ் என்ற மஞ்சள் பூ அங்கே ஜூனில் மலரும். அதற்காக நகரமே திரண்டு திருவிழா கொண்டாடிய மைதானம் இப்போது வீடுகளுக்கடியில்.

வியா மரியா தெல் திரியுன்ஃபோ பகுதியின் குன்றுகளில் மேகத்தைப் பிடிக்க வலை கட்டியிருக்கிறார்கள். இரண்டு கம்பங்கள், நடுவே எட்டு மீட்டர் நீளத்துக்கு நான்கு மீட்டர் உயரத்துக்கு இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் நிழல்வலை, நம் நர்சரிகளில் கட்டும் அதே ரகம். காற்று மேகத்தை வலைக்குள் தள்ளும். இழைகள் சேரும் முடிச்சுகளில் முதலில் ஊசிமுனை அளவு துளி நிற்கும்; பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனத்ததும் இழை வழியே வழுக்கி இறங்கும். கீழே நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய் ஏந்திக்கொள்ளும், அங்கிருந்து ஓஸ் வழியாகத் தொட்டிக்கு. நல்ல மூடுபனி நாளில் ஒரு வலைக்கு 200 முதல் 400 லிட்டர் வரை சேரும். தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் ஆகும். அப்படியே குடிக்க ஆகாது. பலத்த காற்றில் வலை கிழியும், கோடையில் மேகமே இராது. படம் எடுக்க வரும் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு இந்த வலை மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் குழாய் போட வேண்டியவர்களை இந்தப் பாராட்டு சும்மா உட்கார வைத்துவிடக் கூடாது.

ஏனென்றால் லிமாவில் குழாய் இணைப்பில்லாதோர் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு டேங்கர் லாரிதான். வாசலில் நிற்கும் நீல பிளாஸ்டிக் டிரம்மில் லாரிக்காரர் ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீருக்கு அவர்கள் கொடுக்கும் விலை, புல்தரைக்குப் பீய்ச்சும் பணக்காரப் பகுதிகளின் குழாய்க் கட்டணத்தைப் போல் பல மடங்கு. மழை இல்லாதது கடலும் மலையும் செய்த ஏற்பாடு. இந்த விலைக்கு இயற்கையை இழுக்க வேண்டாம், இது நிர்வாகக் கணக்கு. ஒரே குன்றின் இரண்டு சரிவுகளில் நீச்சல் குளமும் டிரம்மும் இருந்த இடத்தில் நடுவே பத்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவரே எழுப்பியிருந்தார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன பிறகு, 2023-ல் அதன் ஒரு பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். சுவரை இடிக்க ஒரு தீர்ப்பு போதும். சரிவு ஏறக் குழாய் போடப் பல ஆண்டுத் திட்டமும் பணமும் வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

அடுத்த வாரம் கேப் டவுன். 2018-ல் குழாய்களை மூடப்போகும் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு வாளியோடு காத்திருந்த நகரம்.

(தொடரும்)