அழுத்தமும் ஓர் அருமருந்து

நுழையும்முன்

உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாள்கள் வாழலாம். உயிர்வளியின்றிச் சில நிமிடங்களுக்குமேல் வாழ இயலாது. அவ்வுயிர்வளியே உரிய அழுத்தத்தில், உரிய அளவில் தரப்படும்போது மருந்தாகிறது. அம்மருத்துவத்தின் பயனையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையும் கடலும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் மம்சாபுரம். அம்மலையில் ஏறுவோருக்கு உயரம் கூடக்கூடக் காது அடைத்துக்கொள்ளும். மேலே செல்லச்செல்லக் காற்றழுத்தம் குறைவதே அதற்குக் காரணம். கிழக்கே, தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போர் இதற்கு நேர்மாறான நிலையை எதிர்கொள்கின்றனர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவரின் உடல், கரையில் உள்ளதைப்போல் மும்மடங்கு அழுத்தத்திற்கு உள்ளாகிறது.

முற்காலத்தில் குளியாளிகள் மூச்சடக்கியே மூழ்கினர். இன்று, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் இருப்போரும் உள்ளனர். அழுத்தம் மிகுந்தால் நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவும் மிகும் என்பது ஹென்றி விதி. அதன்படி, காற்றிலுள்ள நைட்ரஜன் அவர்களின் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாவில் குமிழிகள் பொங்குவதுபோல அந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படும். மூட்டுகளில் கடும்வலி உண்டாகும், தண்டுவடம் தாக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கும், உயிரும் போகலாம். இதுவே அழுத்தநீக்க நோய்.

தெரியுமா?

ஆழத்திலிருந்து படிப்படியாக மேலெழுவதற்கான அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவர் தம் ஆய்வுக்கு ஆடுகளைப் பயன்படுத்தினார். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் தம் உடலையே அழுத்த அறைச் சோதனைகளுக்கு உட்படுத்தியவர்; 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

அழுத்த அறை

இந்நோயாளரை மூடிய அறையில் வைத்து மீண்டும் அழுத்தத்தைக் கூட்டுவர். குமிழிகள் சுருங்கும். தூய உயிர்வளியைச் சுவாசிப்பதால் நைட்ரஜன் வெளியேறும். பின்னர் அழுத்தத்தை மெல்லக் குறைப்பர். மும்பையிலுள்ள கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். அஸ்வினியில் இவ்வசதி உண்டு.

இம்முறை வேறு நோய்களுக்கும் உதவுகிறது. இயல்பான நிலையில் உயிர்வளியைப் பெரிதும் சுமப்பது ஹீமோகுளோபின்; 100 மில்லிலிட்டர் குருதியின் நீர்மப் பகுதியில் கரைந்திருப்பது ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டரே. மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தூய உயிர்வளியைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ 6 மில்லிலிட்டராகிறது. இதனால், குருதியோட்டம் குறைந்த திசுக்களுக்கும் கூடுதல் உயிர்வளி கிடைக்கிறது.

பயன்பெறும் நோய்கள்

மூடிய அறையில் கரி எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினை இறுகப் பற்றிக்கொள்ளும். உயர் அழுத்த உயிர்வளி அதனை விரைந்து விலக்கும். உயிர்வளியற்ற சூழலில் பெருகும் நுண்ணுயிரிகளால் வரும் வாயு அழுகல் நோயில், அறுவை சிகிச்சைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும் இது துணைநிற்கும். கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த திசுக்களுக்கும், நீரிழிவு நோயாளரின் ஆறாத காற்புண்களில் சிலவற்றுக்கும் பயன்படும். காற்புண்ணுக்கு இது மட்டுமே மருந்தன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்துதலும் புண்ணைத் தூய்மையாகப் பேணுதலுமே முதற்கடமைகள்.

எல்லை அறிதல்

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என விளம்பரம் செய்வோர் உளர். ஆட்டிசம் முதலியவற்றை இது குணப்படுத்தும் என்பதற்குத் தக்க சான்றில்லை. காதில் அழுத்தக் காயம் நேரலாம். உயிர்வளி மிகுந்தால் வலிப்பு வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து தேங்கியிருப்போர், அதைச் சரிசெய்யாமல் அறைக்குள் செல்லக் கூடாது. உயிர்வளி மிகுந்த இடத்தில் சிறுபொறியும் பெருந்தீயாகும். ஆதலால் தீப்பெட்டி, எண்ணெய், கைப்பேசி ஆகியவற்றுக்கு உள்ளே இடமில்லை. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது உயிர்வளிக்கும் பொருந்தும். எந்நோய்க்கு, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்பதை மருத்துவர் அறிந்து தரும்போதே அது மருந்து.

கற்பவை கற்றபின்

1. சோடாவின் குமிழிகளைக் கொண்டு அழுத்தநீக்க நோயை விளக்குக.
2. மருத்துவ விளம்பரம் ஒன்றின் உண்மையை அறிய நீங்கள் எழுப்பும் வினாக்களைப் பட்டியலிடுக.