பியானோவில் பாக்: காது எதைத் தேடுகிறது?

பாக், ஹாண்டல், ஸ்கார்லட்டி மூவரும் 1685இல் பிறந்த ஐரோப்பிய இசையமைப்பாளர்கள். பரோக் காலத்து விசைப்பலகை இசையின் உச்சம் இவர்கள் கையில் உருவானது. அதில் பெரும்பகுதி ஹார்ப்சிகார்டில் ஒலித்த இசை. அந்த வாத்தியத்தில் கட்டையை அழுத்தினால் சிறு இறகுமுள் ஒன்று தந்தியைச் சுண்டும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். பியானோவில் தந்தியைச் சுத்தியல் அடிக்கிறது. விரலின் பலத்துக்கேற்ப ஒலி ஏறும், இறங்கும்.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான். பியானோவின் ஏற்ற இறக்கமும் பெடலை மிதித்தால் நீளும் ஒலியும் பாக்கின் தெளிவைக் குழப்பிவிடும் என்பது ஒரு கட்சி. ஒன்றோடொன்று பின்னி ஓடும் குரல்களைப் பிரித்துக் காட்டப் பியானோவைவிட நல்ல வாத்தியம் இல்லை என்பது மறு கட்சி. இரண்டாவது கட்சிக்கே வலு அதிகம். பாக்கே 1747இல் போட்ஸ்டாம் அரண்மனையில், சில்பர்மான் செய்த பியானோக்களைப் பிரஷ்ய மன்னர் முன்னிலையில் வாசித்திருக்கிறார்.

வாசிப்பவர் மாறினால் கேட்பவரின் அனுபவமும் மாறிவிடுகிறது. கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ இசையை 1955இல் சுமார் 38 நிமிடத்தில் வாசித்துப் பதிவு செய்தார். 1981இல் அதே இசைக்கு அவர் எடுத்துக்கொண்டது சுமார் 51 நிமிடம். முதலாவதன் துள்ளலுக்கு மயங்கியவர்கள் உண்டு. இரண்டாவதன் நிதானத்தில் கரைந்தவர்களும் உண்டு. வாசிக்கும்போதே அவர் முனகுவது பதிவில் கேட்கும். சிலருக்கு அது இடைஞ்சல், சிலருக்கு அதுவே நெருக்கம்.

கர்நாடக இசையில் ஊறிய காது பாக்கை முதன்முறை கேட்கும்போது கமகத்தைத் தேடும். பியானோவில் ஸ்வரத்தை அசைக்க வழியில்லை. அதனால் இசை வறண்டதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் பல குரல் ஒரே நேரத்தில் ஓடும் இசை தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் ‘என் கண்மணி’ பாட்டிலேயே இரண்டு மெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிட்டார். 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். டி. கல்லுப்பட்டி போன்ற சிற்றூரில் பியானோவையே நேரில் பார்த்திராத ஒருவருக்கும் ‘என் கண்மணி’ பாட்டு வழியாக இந்த ரசனை எட்டியிருக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளாவியர்’ முதல் நூலில் (1722) உள்ள சி மைனர் ஃப்யூகிலிருந்து தொடங்கலாம். நடுக்குரல் தனியாக ஒரு சிறு மெட்டைச் சொல்லும். அது முடிந்ததும் மேல்குரல் அதே மெட்டைச் சற்று உயரத்தில் எடுக்கும். நடுக்குரல் ஓய்ந்துவிடாமல் எதிர்மெட்டு பாடும். சற்று நேரத்தில் கீழ்க்குரலும் வந்து சேரும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூன்று முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும் பின்தொடருங்கள்.