வண்டிக் கதவுல எழுதியிருக்கிற அந்தத் தேதி

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடி செக்காலை ரோட்டுல டீ குடிச்சிட்டு நிக்கிறப்ப எதிர்ல ஒரு குட்டியானை. கதவு ஓரத்துல பெயின்ட்டுல 'எஃப்.சி.'னு எழுதி ஒரு தேதி. பார்த்தா, அது முடிஞ்சு 3 வாரம் ஆயிடுச்சு. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். எஃப்.சி. புதுப்பிச்சாச்சு, பெயின்ட்டை மாத்தத்தான் மறந்துட்டாங்க. சரி, இன்னிக்கு இதைப் பத்தியே பேசிடலாம்.

எஃப்.சி.ன்னா தகுதிச் சான்று. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 56. ஆட்டோ, டாக்ஸி, லாரி, பஸ், ஸ்கூல் வேன்னு தொழிலுக்கு ஓடுற வண்டிக்கெல்லாம் இது கட்டாயம். இது இல்லைன்னா அந்த வண்டியோட பதிவே செல்லாதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை? புது வண்டிக்கு முதல் 2 வருஷம் கவலை இல்லை. அதுக்கப்புறம் முன்னாடியெல்லாம் வருஷா வருஷம் காட்டணும். 2018 நவம்பர்ல விதியை மாத்தினாங்க. இப்போ வண்டிக்கு 8 வயசு ஆகுற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம்.

பிரேக், ஸ்டீயரிங், டயர், லைட், வைப்பர், புகை, ஒளிரும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் பார்ப்பாங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிச்சா, கண்ணால பார்த்து, ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணுவார். தானியங்கி சோதனை நிலையத்துல சக்கரத்தை உருளை மேல நிறுத்தி, எந்தச் சக்கரம் எவ்வளவு பிரேக் பிடிக்குதுன்னு மெஷினே அளந்து சொல்லிடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 2012 ஜூலை, தாம்பரம் பக்கம் முடிச்சூர். ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா 2-ஆம் வகுப்புக் குழந்தை ரோட்டுல விழுந்து இறந்துபோனாள். அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது. அதுவும் சமீபத்துல வாங்கினது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே வருஷம் பள்ளி வாகனங்களுக்குன்னு தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. இன்னிக்கும் கோடை விடுமுறையில ஸ்கூல் பஸ்களை மைதானத்துல வரிசையா நிறுத்தி, தரைப் பலகை, அவசர வழி, தீயணைப்பான்னு ஒண்ணொண்ணாப் பார்க்கிறது அதனாலதான்.

நான் கோடு எழுதுற ஆள். ரிலீஸ் அன்னிக்கு எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனா, அன்னிக்கு வேலை செஞ்சுதுன்னு மட்டும்தான் அர்த்தம். எஃப்.சி.யும் அப்படித்தான். சோதனைக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிட்டு மறுநாள் கழட்டுற கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. சட்டத்துக்கும் இது தெரியும். தேதி மிச்சம் இருந்தாலும், வண்டி மோசமா இருந்தா காரணத்தை எழுதி நடுவுலயே சான்றை ரத்து பண்ணலாம். ஆனா அந்த ஓட்டையை யாராவது பார்த்துச் சொல்லணுமே!

அதனால ரெண்டு வேலை. உங்க வீட்டுக் குழந்தை போற வேன் நம்பரை ஆப்ல போட்டு எஃப்.சி. தேதியைப் பாருங்க. ஒரு நாள் உள்ள ஏறித் தரையையும் பாருங்க. வேன்ல வெள்ளை போர்டு இருந்தா இன்னும் உஷாரா இருங்க. அது சொந்த உபயோக வண்டின்னு பதிவானது. அதுக்கு 15 வருஷம் வரைக்கும் இந்தச் சோதனையே கிடையாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா போய்ட்டு வாங்க!